பால் வண்டியின் கடைசிப் பக்கங்கள்

பொம்மனஹள்ளியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோ என்பது முதலாளி வைத்த பெயர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை, அவ்வளவுதான். வெளிநாட்டு காமிக்ஸ் புத்தகங்களுக்கு வண்ணம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் வெறும் கோடுகளாக வரும். சட்டைக்கு ஒரு நிறம், சுவருக்கு ஒரு நிறம், வானத்துக்கு ஒரு நிறம் என்று நிரப்பித் திருப்பி அனுப்புவோம்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி வேலூரிலிருந்து வந்த புதிது. சென்னையில் ஓவியம் படித்திருந்தேன். என் கணவர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; ஓசூர் ரோட்டில் ஒரு ஆயத்த ஆடை ஃபேக்டரியில் துணியைச் சரிபார்க்கும் வேலை. என் வேலையை அவர் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "கம்ப்யூட்டர்ல வேல" என்று சொல்லிவிட்டார். அதில் எல்லோருக்கும் மரியாதை.

பெரும்பாலும் எங்களுக்கு வந்தது சண்டைக் கதைகள்தான். தசை புடைத்த ஆட்கள் ஒருவரையொருவர் கட்டடத்தின் மீது வீசுவார்கள். அதற்கு நடுவில் ஒருநாள் இங்கிலாந்திலிருந்து ஒரு புது வேலை வந்தது. எந்தக் கம்பெனியும் வெளியிடாத காமிக்ஸ். கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த ஒரு பெரியவர் தானே கதை எழுதி, தானே வரைந்து, தானே அச்சடித்து, தபாலிலும் சின்னச் சின்னக் கண்காட்சிகளிலும் விற்றுக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கும் மேலாகக் கறுப்பு வெள்ளையில் வந்ததை, முடிவுப் பகுதியையும் எழுதிச் சேர்த்து, ஒரே வண்ணப் புத்தகமாகக் கொண்டுவர ஆசைப்பட்டார். வேலை எனக்கும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவிலிருந்து வரும் ஒரு கன்னடப் பெண்ணுக்கும் ஒதுக்கப்பட்டது. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. அந்தப் பக்கத்துக்காரர்களைப் போலத் தமிழும் தண்ணீராகப் பேசுவாள். என்னை அக்கா என்பாள்.

கதை காலத்தில் பயணம் செய்யும் நான்கு பேரைப் பற்றியது. நான்கு பேரும் எங்கேயும் ஒட்டாதவர்கள். ஒருவன் ரோமானியப் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய். தண்ணீரைக் கண்டால் அவனுக்குப் பயம். ஒருத்தி ஜெபத்தின் நடுவே சிரித்துவிட்டதற்காக மடத்தைவிட்டு அனுப்பப்பட்ட கன்னியாஸ்திரி. ஒருவர் உலகப்போர்க் காலத்துத் தபால்காரர். எந்தத் தெருவும் அவருக்கு நினைவில் நிற்காது. நான்காவது, இன்னும் இருநூறு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற ஒரு பெண். எந்தக் காலத்துக்குப் போனாலும் தான் யார் என்று நிரூபிக்க அவளிடம் ஒன்றும் இருக்காது. இவர்களுடைய கால இயந்திரம் ஒரு பால் வண்டி. இங்கிலாந்தில் வீடு வீடாகப் பால் போடும், பேட்டரியில் ஓடும், மாட்டு வண்டி வேகத்தில் போகும் வண்டி. அது ஒருமுறைகூடக் கேட்ட வருடத்துக்குப் போய்ச் சேராது. இறங்கிய ஊரில் யாராவது ஒருவர் வந்து "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பார். நால்வரும் ஆளுக்கொரு பதில் சொல்லி மாட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. காய் வாங்கப் போனாலும் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் கேட்பார்கள். பெரும்பாலும் சும்மா கேட்பதுதான். ஆனாலும் பதில் சொல்வதற்குமுன் ஒரு நொடி யோசிப்பேன்.

முதல் பக்கங்களில் வானத்துக்கு நல்ல நீலம் போட்டு அனுப்பினேன். பெரியவர் நீளமாகப் பதில் எழுதியிருந்தார். தங்கள் ஊரில் அப்படிப்பட்ட வானம் வந்தால் ஜனங்கள் தெருவுக்கு வந்து பார்ப்பார்கள் என்றும், பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம் போதும் என்றும். மறுநாள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். அந்த நிறத்தையே போட்டேன். "இதுதான், இதேதான்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எனக்கு மற்ற வேலைகள் கசந்துபோயின.

நாலைந்து மாதம் இப்படியே போனது. புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கான புதுப் பக்கங்களை அவர் அப்போதுதான் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பால் வண்டியின் ஓரக்கோடு நேராக இல்லாமல் சின்னச் சின்ன அலையாக இருந்தது. பக்கத்தில் இருந்த அந்தக் கன்னடப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வேணும்னு போட்டிருப்பாரு அக்கா. வண்டி காலத்துக்குள்ள போவுதில்ல, ஆடும்" என்றாள்.

இருக்கலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் வண்டி நின்றிருந்தது. அதன் கோடும் ஆடியது. கன்னியாஸ்திரியின் கன்னமும், டீக் கோப்பையின் விளிம்பும் ஆடின. நான் முதலில் அனுப்பிய பழைய பக்கங்களைத் திறந்து வைத்துப் பார்த்தேன். ஒரே வீச்சில் இழுத்த கோடுகள். இப்போது அதே கோட்டை நிறுத்தி நிறுத்தி, பயந்து பயந்து இழுத்திருந்தார்.

எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. என் அப்பா பஸ் டிரைவர். கை நடுக்கம் வந்ததை எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடத்துக்குமேல் மறைத்து வைத்திருந்தார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் வெளியே தெரியாதாம். சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் கதவுக்குப் பின்னால் நின்று போராடிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். "என்னப்பா கை?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் எதிரில் வைத்து உட்காரமாட்டார்.

அதனால் பெரியவரைக் கேட்கப் பயமாக இருந்தது. முதலாளியிடம் போனேன். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர். எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

"நம்ம வேல கலர் போடறது, அஷ்டே, அவ்ளோதான். கோடு அவரோடது. நேரா இருந்தா நேரா, வளைஞ்சா வளைஞ்சு. நீ ஏன் சும்மா தலைய ஒடைச்சிக்கற?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் புதுப் பக்கம் வந்திருக்கிறதா என்று பார்க்கவே பயமாக இருக்கும். வந்திருந்தால் முந்தையதைவிட மோசமாக இருக்கும். வராவிட்டால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும். வீட்டுக்குப் போனாலும் அதே யோசனை. "யாரோ ஒரு வெள்ளக்காரருக்காக ஏம்மா சாப்பிடாம இருக்க?" என்றார் என் கணவர்.

கடைசியில் ஒருநாள் முதலாளி வெளியே போயிருந்தபோது நேராகப் பெரியவருக்கே எழுதினேன். நாங்கள் வாடிக்கையாளருக்கு நேரடியாக எழுதக்கூடாது என்பது அலுவலக விதி. வேலை பற்றிய குறிப்பு எல்லாம் முதலாளி வழியாகத்தான் போகவேண்டும். ரொம்ப யோசித்து, நடுக்கம் என்ற வார்த்தை வராமல் இரண்டு வரி எழுதினேன். வண்டியின் கோட்டை இருப்பது போலவே விடட்டுமா, இல்லை நான் ஏதாவது செய்யட்டுமா என்று மட்டும் கேட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியதுமே ஏன் செய்தோம் என்று ஆகிவிட்டது.

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. புதுப் பக்கமும் வரவில்லை. மனிதரை அவமானப்படுத்திவிட்டேன், அப்பாவைப் போல இவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார் என்று முடிவு செய்தேன். பிறகு ஒரு மத்தியானம் முதலாளி தன் அறையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, "நீ லெட்டர் போட்டியா?" என்றார்.

"ஆமா சார்."

"யார கேட்டுப் போட்ட?"

அவர் ரிசீவரை நீட்டினார். "உன்கிட்டதான் பேசணுமாம்."

எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், எழுத வரும். போனில் பேசியதே இல்லை. பெரியவர் பேசியது ஆங்கிலம் என்றே முதலில் புரியவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். கை போய்விட்டதாம். வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டாராம். கூட இருக்கும் தங்கைக்குக்கூட இந்த வாரம்தான் சொன்னாராம். நான் கேட்ட பிறகுதான் சொல்ல வாய் வந்ததாம். கடைசி எட்டுப் பக்கங்கள் பாக்கி. பென்சிலில் தாறுமாறாகக் குறிப்பு மட்டும் போட்டு வைத்திருக்கிறார். அச்சகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது; அதைத் தவறவிட்டால் இந்த வருடக் கண்காட்சிக்குப் புத்தகம் வராது. அடுத்த கண்காட்சிக்குத் தன்னால் போக முடியுமா என்று தெரியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ வரைந்து தருவாயா?" என்று கேட்டார்.

வண்ணம் போடுவதைக் கேட்கவில்லை. வரையச் சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி, "ஒத்துக்க. கெட்டா என் பேரு கெடும், பரவால்ல" என்றார். அவர் அதுவரை யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பென்சில் பக்கங்கள் வந்தன. கதையில் பால் வண்டியின் பேட்டரி தீரப்போகிறது. இன்னும் ஒரே ஒரு பயணம்தான் பாக்கி. யாருடைய காலத்துக்குப் போவது என்று நால்வரும் சண்டை போடுகிறார்கள். முடிவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வருடத்தில், ஒரு கடற்கரையில் இறங்குகிறார்கள். நான் முதல் பக்கத்தை வரைந்து அனுப்பினேன். பதில் வந்தது. ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, என் ஆட்கள் வாழ்நாளில் ஒருதரம்கூட நிமிர்ந்து நின்றதில்லை, இது அவர்கள் அல்ல என்று எழுதியிருந்தார். நான் கிழித்துப் போட்டுத் திரும்ப வரைந்தேன். அதுவும் சரியில்லை. அவர் கோட்டைப் பார்த்துப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்கள் எப்படி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து நிற்கும் ஃபேக்டரிப் பெண்களின் தோள் எப்படித் தொங்குகிறது என்று பார்த்தேன். மூன்றாவது முறை, "தபால்காரருக்கு இடுப்பு வலிக்கிறது, தெரிகிறது" என்று பதில் வந்தது.

அந்த நேரத்தில்தான் காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை மறுபடியும் சூடு பிடித்தது. கேபிளில் தமிழ்ச் சேனல்கள் நின்றன. தமிழ்ப்படம் ஓடிய தியேட்டர் போஸ்டர்களைக் கிழித்தார்கள். தமிழ்நாட்டுப் பஸ்கள் எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியோடு திரும்பிக்கொண்டன. பந்த் என்று அறிவித்தார்கள். தொண்ணூற்றொன்று காவிரிக் கலவரத்தின்போது என் கணவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் குடும்பம் எதிர்வீட்டுக் கன்னடக்காரர் வீட்டின் சமையலறையில் ஒளிந்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அவர் அம்மாதான் சொன்னார். வெளியில் போகும்போது என்னோடு அவர் குரலைத் தாழ்த்தியே பேசுவதை நான் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

"பந்த் அன்னிக்கு வெளிய போகாத. நியூஸ்பேப்பர்கூட தமிழ்ல வெளிய எடுக்காத" என்றார்.

பக்கங்கள் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் பந்த் நாளாக அமைந்தது. முந்தின நாளே அனுப்பிவிடலாம் என்று இருந்தோம். மத்தியானமே ஸ்டூடியோ இருந்த தெருவில் கல் வீச்சு ஆரம்பித்து, போன் லைன் செத்து, முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். எல்லாவற்றையும் ஒரு சிடியில் போட்டு நான் கையில் எடுத்துக்கொண்டேன். சந்தாபுராவில் என் கன்னடத் தோழியின் அத்தை மகன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அங்கே பந்த் அவ்வளவாக இருக்காது, வந்தால் திறந்து தருவான் என்றாள். மறுநாள் காலை அவள் தன் மொபெட்டில் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

என் கணவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த சிடி இன்னிக்கே போணுமா?"

"ஆமாங்க."

"அந்த ஆளு கண்காட்சிக்குப் போகலன்னா என்ன ஆகும்?"

"தெரியல. எனக்கு அனுப்பிடணும்போல இருக்கு."

அவர் உள்ளே போய் என் கைப்பையைக் கொண்டுவந்து, அதிலிருந்த தமிழ் வாரப்பத்திரிகையையும் வேலூர்ப் பஸ் டிக்கெட்டுகளையும் எடுத்துவிட்டுக் கொடுத்தார். "போய் போன் பண்ணு" என்றார்.

ஓசூர் ரோட்டை அவ்வளவு காலியாக நான் பார்த்ததில்லை. லாரி இல்லை, பஸ் இல்லை. மொபெட்டின் சத்தம் மட்டும் ரோடு முழுக்கக் கேட்டது. ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் ரோட்டின் குறுக்கே மரக்கிளை போட்டு டயர் எரித்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். "நான் பேசறேன். நீங்க சும்மா இருங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியை நிறுத்தினாள்.

ஒருவன் வந்து எங்கே போகிறீர்கள், எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டான். அவள் சந்தாபுரா, வீட்டுக்குப் போகிறோம் என்றாள். அவன் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "நீவு? மாத்து பரல்வா?" நீங்க? பேச வராதா என்றான்.

எனக்குக் கன்னடம் தெரியும். கடையில், அலுவலகத்தில் தினமும் பேசுகிறேன். ஆனால் அந்த நிமிடம் ஒரு வார்த்தைகூட நாக்கில் இல்லை. தலைவலி என்று சொல்லலாம் என்று தோன்றியது, அதைத் தமிழிலேயே சொல்லிவிடப் போகிறேன் என்று பயந்தேன். "தலெ நோவு, அண்ணா" என்றேன். சரியாகத்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. அவன் என் முகத்தையே பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவளிடம் திரும்பி, நேரே போகாதீர்கள், முன்னால் கல் அடிக்கிறார்கள், இடது பக்கம் தோப்பு வழியாக ஒரு பாதை இருக்கிறது, அதில் போங்கள் என்று கை காட்டினான். கிளையைத் தானே இழுத்து வழிவிட்டான்.

தோப்புக்குள் வந்ததும் அவள் வண்டியை நிறுத்திவிட்டு அழுதாள். அவளுக்கென்ன பயம், அவள் கன்னடக்காரிதானே என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா உங்க வீட்டு அண்ணனுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரவுசிங் சென்டரில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வேலை நடந்தது. ஒரு பக்கம் ஏறுவதற்குள் லைன் விட்டுவிடும். திரும்ப முதலிலிருந்து ஏற்றவேண்டும். நடுவில் கரண்ட் போய் வந்தது. சாயங்காலம் கடைசிப் பக்கம் போய்ச் சேர்ந்து, கிடைத்தது என்று பெரியவரிடமிருந்து ஒரு வரி வந்தது. கூடவே ஒரு வேண்டுகோள். கடைசிப் படத்தை, நால்வரும் கடலைப் பார்த்து நிற்பதை, நான் வரைந்ததற்குப் பதிலாக அவரே வரைந்து கூட வைத்திருந்தார். கோடு கண்டபடி ஆடுகிறது, ஆனால் அதை அப்படியே விட்டு வண்ணம் மட்டும் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப் இருந்தது; அங்கேயே உட்கார்ந்து போட்டு அனுப்பினேன். அலைக்கும் ஆட்களுக்கும் ஒரே நடுக்கம். ஒரு கோட்டையும் நான் தொடவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தார். "போச்சுங்க" என்றேன். "அங்கயே தங்கிடு, காலைல வா" என்றார். குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது.

சில மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் என் பெயர். ஒரு எழுத்து தப்பாக. முதலாளி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஆபீஸ் வாசலில் மாட்டவேண்டும் என்றார், மாட்டவில்லை. கண்காட்சிக்குப் பெரியவர் தங்கையோடு போய் உட்கார்ந்திருந்தார் என்றும், கையெழுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அலை அலையாகப் போட்டுக் கொடுத்தார் என்றும் எழுதினார்.

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த நால்வரின் பழைய கதைகளிலிருந்து விட்டுப்போனவற்றைப் போனில் சொல்லுவார், நான் குறித்துக்கொண்டு வரைவேன். இரண்டு சின்னப் புத்தகங்கள் வந்தன. போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கப் பழகினேன். போகப் போகக் குரலும் நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும் இது கடைசியாக இருக்குமோ என்று தோன்றும். ஒருநாள் எடுத்தபோது அந்தப் பக்கம் அவர் தங்கை பேசினார். தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார்.

துக்கம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாள் ஒன்று கேட்டார். வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்களாம். நீயே கதையும் எழுதித் தொடர்ந்து கொண்டுபோகிறாயா, உரிமையைத் தருகிறேன் என்றார். என் தோழி ஒத்துக்கொள்ளச் சொன்னாள். என் கணவரும்தான். நான் சில நாள் யோசித்தேன். புதுக் கதைக்கு ஒன்றிரண்டு பக்கம் வரைந்துகூடப் பார்த்தேன். கோடு நன்றாகவே வந்தது. ஆனால் அந்த நால்வரும் ஒரு கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், அங்கே அவர்களை எந்த ஊர் என்று கேட்க ஆளில்லை. மறுபடியும் வண்டியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்த அம்மாள் பதிலுக்கு, தனக்கும் அது நிம்மதிதான் என்று எழுதினார்.